கம்பளி வழியாக வந்த மண்ணெண்ணெய்

பட்டறைக்காரர் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைக் கழுவுவார். நம்மைக் கேட்கமாட்டார்.

நான் அப்போது தேயிலைத் தோட்டத்து லாரி ஓட்டினேன். கார்புரேட்டர் அடைத்து வண்டி இருமியது. கழற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். போவதென்ன, எனக்கு அடுத்த வீடுதான். தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு. பின்னால் தகரச் சாய்ப்பு இறக்கிப் பட்டறை வைத்திருந்தார். பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் வேலை. வேலை விட்டு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்தால் பட்டறைக்குள் போய்விடுவார்.

"என்னண்ணே அடைப்பு?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"பாத்துச் சொல்லுங்களேன்."

"எதைப் பாக்கச் சொல்ற? மொதல்ல மூஞ்சி தெரியட்டும்."

அதுதான் அவர் பேச்சு. மூஞ்சி தெரியட்டும். நட்டு, போல்ட்டு, பேரிங், எதுவானாலும் அழுக்கு போய் அதன் மூஞ்சி தெரிந்தால்தான் நோவு தெரியும் என்பார். எண்ணெய் டிரம் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, கால் வைத்துப் படுக்கப் போட்டிருந்தார். அதில் மண்ணெண்ணெய். சாமானை உள்ளே போட்டு, தம் சவரப் பிரஷ்ஷால் தேய்ப்பார். முகத்தில் எப்போதும் தாடி. கேட்டால், பிரஷ் வேலையில் இருக்கிறது என்பார்.

அழுக்கு போனதும் இரும்பில் வார்த்த எழுத்து தெரியும். அது தெரிந்துவிட்டால் அவருக்குத் தாங்காது. "வா, வா, இங்க வந்து பாரு, எழுத்து வந்திருச்சு" என்று கூப்பிடுவார். பிள்ளை பிறந்த மாதிரி போய்ப் பார்க்க வேண்டும். அவருக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்போம்.

நாலாம் வீட்டு அக்கா தையல் மெஷினைக் கொண்டுவந்தார். ஊசி சரியாக இறங்கவில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் மெஷின் முழுவதும் துண்டு துண்டாகத் தொட்டியில் கிடந்தது. அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார். இருட்டுவதற்குள் பட்டறைக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிக் கொடுத்துவிட்டார். அதற்கும் குறை வந்தது.

"சத்தமே இல்லாம ஓடுதுய்யா. தைக்கிற மாதிரியே தெரியல. எம்மாமியா நான் சும்மா குந்தியிருக்கேன்னு ஏசுது."

டீ மேக்கர் ஐயாவின் சுவர்க்கடிகாரம் வந்தது. தொழிற்சாலையில் இலை பக்குவம் பார்ப்பவர் அவர். கடிகாரத்தில் சாவி சுற்றவில்லை. பட்டறைக்காரர் சாவியையும் கழுவினார், சக்கரங்களையும் கழுவினார், அதோடு நிற்காமல் எண் தட்டையும் கழுவிவிட்டார். மண்ணெண்ணெய் பெயிண்டைத் தின்றுவிட்டது. கடிகாரம் நன்றாக ஓடியது. வெள்ளைத் தட்டில் முள் மட்டும் சுற்றியது.

"மூஞ்சி தெரியணும் மூஞ்சி தெரியணும்னு சொல்லி மூஞ்சியவே அழிச்சிட்டியேடா பாவி!" என்று டீ மேக்கர் கத்தினார்.

"மணி சரியாத்தான்யா காட்டுது."

"எங்க காட்டுது?"

பிறகு பட்டறைக்காரரே கருப்புப் பெயிண்டில் எண் எழுதிக் கொடுத்தார். ஆறும் ஒன்பதும் ஒரே மாதிரி இருந்தன. டீ மேக்கர் கடைசிவரைக்கும் அந்தக் கடிகாரத்தைத்தான் வைத்திருந்தார்.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி, சுற்றி முள்கம்பி போட்டது. ஒரே கேட். வெளியே போகும்போது சோதனை. சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். அரிசி, மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் அளவுதான். இருட்டும் முன்னே உள்ளே வந்துவிட வேண்டும். நான் தேயிலை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குவேன். முன்னும் பின்னும் பட்டாளத்து வண்டி. ரிங்லெட் தாண்டிய வளைவுகளில் லாரி நின்றால் அவ்வளவுதான். அதனால் பட்டறைக்காரர் கழுவிக் கொடுத்த சாமானைத்தான் நம்பினேன்.

கேட்டுக்குப் பொறுப்பாக ஒரு மலாய் போலீஸ் சார்ஜன் இருந்தார். கனத்த உடம்பு. எங்களோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது, வாக்கியக் கடைசியில் மலாய் 'லா' மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். ஒருநாள் பட்டறைக்காரர் மண்ணெண்ணெய் டின்னோடு கேட்டில் நின்றார். சார்ஜன் மறித்தார். நான் பின்னால் லாரியில் இருந்தேன்.

"எல்லா வீட்டுக்கும் விளக்கு இருக்கு. உன் வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்ளோ மினியாக் தானா?"

மலாயில் மண்ணெண்ணெய்க்குப் பெயர் 'மினியாக் தானா'.

"கழுவ" என்றார் பட்டறைக்காரர்.

"என்ன கழுவ?"

"சாமான்."

"சாமான் கழுவவா, காட்டுக்குக் குடுக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. அதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கு ஆட்களை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். சிலர் வரவே இல்லை.

சார்ஜன் கெட்டவர் இல்லை. யோசித்துவிட்டுச் சொன்னார். "இனி எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான் உனக்கும். அதுக்குள்ள சமாளி. மேல கேட்டா பட்டறைய மூடிடு. நான் ரிப்போட் எழுதணும் லா, வேற வழி இல்ல."

அன்றைக்குப் பட்டறைக்காரர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி வந்து சொன்னார். நாங்கள் அண்ணி என்போம். நான் போய்ப் பார்த்தேன். தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே எண்ணெய் தார் மாதிரி கருத்துக் கிடந்தது. வழக்கமாக அதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவார். இனிமேல் ஊற்ற ஏது?

"மூடிருவீங்களா அண்ணே?"

"மூடிட்டு என்னா பண்ண? சும்மா குந்தியிருக்க எனக்குத் தெரியாது." தொட்டிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "எண்ணெ எங்கயும் போகல தம்பி. இங்கதான் இருக்கு. அழுக்கு வந்து அதுக்குள்ள குந்திக்கிச்சு. அதை எந்திரிச்சுப் போகச் சொல்லணும்."

மறுநாளிலிருந்து அதே வேலைதான். முதலில் தம் வேட்டியைக் கட்டி அதில் ஊற்றினார். எண்ணெய் கருப்பாகவே கீழே வந்தது. வேட்டியும் கருப்பாகிவிட்டது. அடுத்து ஆற்று மணல். மணலில் இருந்த சேறும் சேர்ந்துகொண்டது. நான் சிரித்துவிட்டேன்.

"சிரி, சிரி. ஒங் கார்புரேட்டர் வரும்ல, அப்ப பாத்துக்கறேன்."

அண்ணி அரிசி களைந்துகொண்டே இதையெல்லாம் பார்த்தார். "அரிசி கழுவுன தண்ணிய மாட்டுக்காரனுக்குன்னு எடுத்து வச்சா, கொஞ்ச நேரத்துல அடியில படிஞ்சிரும். மேல தெளிஞ்சிரும். அதைக் கலக்காம விட்டாத்தானே? நீங்க அதைப் போட்டு ஆட்டிக்கிட்டே இருக்கீங்க."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அண்ணியைப் பார்த்தார். அப்புறம் பழைய பிஸ்கட் டின்னைத் தேடிப் போனார்.

தொட்டியின் ஒரு முனையில் ஓட்டை போட்டு, எண்ணெய் கீழே இன்னொரு டின்னுக்கு இறங்கும்படி செய்தார். அந்த டின்னுக்கு நடுவில் பிஸ்கட் தகரத்தை அடைப்பாகப் பற்றவைத்தார். எண்ணெய் இந்தப் பக்கம் விழுந்து, சும்மா கிடந்து, மேலே தெளிந்தது மட்டும் அடைப்பைத் தாண்டி அந்தப் பக்கம் வழியும். கசடு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிடும். தெளிந்ததைத் தூக்கி மேலே ஊற்ற, செடிக்கு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பு ஒன்றை ஸ்டோரில் கேட்டு நான் வாங்கிக் கொடுத்தேன். தொட்டிக்கு மேலே, அடியில் ஓட்டை போட்ட ஒரு டின். அதில் வடிந்து திரும்பத் தொட்டிக்கே வர வேண்டும். எதில் வடிப்பது என்பதுதான் தெரியவில்லை. துணியெல்லாம் தோற்றுவிட்டது.

மறுநாள் விடியும்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் சத்தம்.

"ஏங்க, கம்பளி எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"வேலையில இருக்கு."

"என்னது? நான் இங்க குளிர்ல வெறச்சுப் போய்க் கெடக்கேன், கம்பளி வேலைக்குப் போயிருச்சா? பேர் பதிஞ்சாச்சா அதுக்கு?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போய்ப் பார்த்தேன். கம்பளியை நறுக்கி, மடித்து, மேல் டின்னில் திணித்து, சைக்கிள் கம்பியை வளையமாக்கி அழுத்தியிருந்தார். பம்பை அடித்தார். எண்ணெய் மேலே ஏறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. கண்ணாடிக் கிளாசில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். கடை எண்ணெய் மாதிரி வெள்ளை இல்லை, இள மஞ்சள். ஆனால் கிளாசுக்கு அந்தப் பக்கம் அவர் விரல் தெரிந்தது.

"தம்பி, மூஞ்சி தெரியுது" என்றார். கிளாசுக்குப் பின்னால் அவர் மூஞ்சிதான் எனக்குத் தெரிந்தது. பல் எல்லாம் தெரிந்தது.

மலையில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. தம் கோட்டை அண்ணிக்குக் கொடுத்துவிட்டுத் தாம் கோணிச் சாக்கைப் போர்த்திப் படுத்திருக்கிறார். அது தெரிந்ததும் அண்ணியின் கோபம் போய்விட்டது. கம்பளித் துண்டுகளின் ஓரம் பிரியாமல் அண்ணியே தைத்துக் கொடுத்தார். "கெட்டிக்காரன்னு நெனச்சுக் கட்டிக்கிட்டேன்" என்று என்னிடம் சொன்னார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு சொட்டு வீணாகவிடமாட்டார். கழுவிய சாமானைத் தொட்டிக்கு மேலே கம்பியில் தொங்கவிடுவார். சொட்டுவது நின்றால்தான் நம் கைக்கு வரும். அவசரம் என்றால் ஏச்சு விழும். போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, துணி காயுதா?" என்பார்கள். பட்டறை ஓடியது. எல்லா வீட்டுக்கும் உள்ள அளவிலேயே ஓடியது.

கம்பளிக்குத்தான் சிக்கல் வந்தது. அழுக்கு ஏறினால் எண்ணெய் இறங்காது. சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். துவைத்தால் காய வேண்டும். மலையில் எங்கே காய்வது? காலையிலும் பனி, மாலையிலும் பனி. ஈரத்தோடு போட்டால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்துவிடும்.

அவர் வேலை பார்ப்பது தொழிற்சாலையில். அங்கே தேயிலை காயவைக்கும் பெரிய அடுப்பு இருக்கிறது. துவைத்த கம்பளியைக் கொண்டுபோய் அதன் பின்னால் தொங்கவிட்டார்.

தேயிலைக்காரர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். வெங்காயத்தைக்கூடப் பக்கத்தில் கொண்டுபோகமாட்டோம். அவருக்கும் தெரியும். ஆனால் கம்பளியில் வாசனை இருப்பது அவருக்குத் தெரியவில்லை. மண்ணெண்ணெயிலேயே கிடந்த மூக்கு. அது அவருக்குக் காற்று மாதிரி.

அன்றைய தேயிலையை ஊறவைத்து, டீ மேக்கர் ஒரு கரண்டி உறிஞ்சினார். துப்பினார். இன்னொரு கரண்டி. அதையும் துப்பினார். கரண்டியைக் கையில் பிடித்தபடியே மோந்துகொண்டு நடந்தார். அடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்.

"யாருதுடா இது?"

"என்னுதுதான்யா."

"தேயிலை பக்கத்துல மண்ணெண்ணெயக் காயப் போட்டிருக்கியே, மனுசனாடா நீ?"

"தொவைச்சேன்யா. வாசனயே இல்லையே." முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். மெய்யாகவே அவருக்குத் தெரியவில்லை.

"மொதல்ல என் கடிகாரத்தைத் தின்ன. இப்ப தேயிலைய. அடுத்து என்னாடா?"

அந்தத் தேயிலையைக் கப்பலுக்கு அனுப்ப முடியாது. லயத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சும்மா கிடைத்த தேயிலை, யார் விடுவார்கள்? வெகுநாள் குடித்தோம். எங்கு போனாலும் ஒரே பேச்சு. "தேத்தண்ணி குடிச்சிட்டு ஒடனே பீடி பத்தவைக்காதே, வெடிச்சிருவே."

தோட்ட மேனேஜரான துரை காதுக்கும் போனது. அவர் சிரிக்கவில்லை. சார்ஜனைக் கூப்பிட்டு, அந்தப் பட்டறையைப் போய்ப் பாருங்கள், மண்ணெண்ணெய் பதுக்கியிருந்தால் இன்றைக்கே மூடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சார்ஜன் வந்தார். வாயில் சிகரெட், தோளில் துப்பாக்கி. லயமே பின்னால் வந்தது. பட்டறைக்காரர் வாசலிலேயே நிறுத்தினார்.

"சிகரெட் வெளிய."

துப்பாக்கி வைத்திருப்பவரிடம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். சார்ஜன் அவரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

உள்ளே குனிந்து பார்த்தவர் முகம் மாறியது. தொட்டி நிறைய எண்ணெய். அடியில் கிடந்த ஆணிகூடத் தெரிந்தது.

"இது புதுசு. உனக்கு நான் அளவுதானே விட்டேன்? எங்க கெடச்சது?"

"பழசு."

"பழசு இப்பிடி இருக்காது லா. யார் குடுத்தா? சொல்லிடு."

"பழசுதான் சார்ஜன். அழுக்கு போயிருச்சு."

சார்ஜன் நம்பவில்லை. எண்ணெய் கருப்பாக இருந்திருந்தால் நம்பியிருப்பார். சுத்தமாக இருந்ததுதான் வினையாகிவிட்டது. அண்ணி அடுப்படி வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்து நின்றார். நான் சொல்லிப் பார்த்தேன். சார்ஜன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

பட்டறைக்காரர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒன் வண்டியில இருக்கறதுலயே அசிங்கமான சாமான் எது?"

பின் சக்கரத்து பேரிங்கைக் கழற்றி ஒரு மூலையில் போட்டிருந்தேன். கிரீசும் செம்மண்ணும் சேர்ந்து அடை மாதிரி இருக்கும். கொண்டுவந்தேன். அவர் சார்ஜன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"நீங்களே கழுவுங்க."

சார்ஜன் துப்பாக்கியை என்னிடம் நீட்டப் போனார். பிறகு நினைவு வந்து தோளிலேயே மாட்டிக்கொண்டார். கழுவினார். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான். அப்புறம் பேரிங்கில் ஓர் எழுத்து தெரிந்தது. அதைத் தேய்த்தார். அடுத்த எழுத்தும் தெரிந்தது. இடுக்கையெல்லாம் விடாமல் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். தொட்டி கருத்துப் போனது.

"இப்ப இதைச் சுத்தம் பண்ணு" என்றார்.

பட்டறைக்காரர் பம்பு அடித்தார். எல்லாரும் நின்றோம். கம்பளி அவசரப்படாது. சார்ஜன் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைப் பார்த்தார்.

"இது அந்தத் தேயிலையா?"

"ஆமாங்க. வேற இல்ல."

சார்ஜன் சிரித்துவிட்டார். முழுக்கக் குடித்தார்.

மேல் டின்னின் அடியில் சொட்டு விழ ஆரம்பித்தது. பட்டறைக்காரர் கிளாசில் பிடித்து நீட்டினார். இள மஞ்சள். தெளிவு. சார்ஜன் மோந்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாக்க நல்லாருக்கு. எரியுமா?"

"எரியும்."

"கேட் விளக்கு கொண்டா" என்று காவலாளிக்குக் குரல் கொடுத்தார். காற்றடிக்கும் விளக்கு. அதில் இருந்த எண்ணெயை வேறு டின்னில் கொட்டினார்கள். வடிந்ததைச் சேர்த்து ஊற்றினார்கள். தீ வைக்க எல்லாருமாகக் கேட்டுக்கே போனோம், பட்டறை அருகில் அவர் விடமாட்டார் என்பதால். சார்ஜனே காற்றடித்தார். விளக்கு புஸ்ஸென்றது, சிவந்தது, வெள்ளையாகப் பற்றிக்கொண்டது. முள்கம்பி முழுவதும் பளபளத்தது. லயமே கை தட்டியது.

சார்ஜன் விளக்கை அண்ணாந்து பார்த்தார். "போலே" என்றார். சரிதான் என்று அர்த்தம். "பட்டறை இருக்கட்டும். தொரைகிட்ட நான் சொல்லிக்கறேன். எங்க ஸ்டேசன் விளக்கும் நீதான் பாக்கணும். மினியாக் கேக்காதே."

அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். நான் பட்டறைக்காரரைத் தேடினேன். அவர் சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. விளக்குக்குக் கீழே காதைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"சத்தம் சரியில்ல தம்பி. விட்டு விட்டு வருது. உள்ள கரி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். நல்லாத்தானே எரியுது."

"ம்" என்றார். சொல்லிக்கொண்டே எட்டிக் காற்றைத் திறந்துவிட்டார். விளக்கு அணைந்தது.

"வொய்! என்ன பண்றே?" என்று சார்ஜன் பதறினார். "கேட் இருட்டாயிருச்சு லா! இருட்டுற நேரத்துல!"

"கொஞ்சம் பொறுங்க. கழட்டிட்டேன்."

மெய்யாகவே கழற்றிவிட்டார். திருகாணிகள் ஒவ்வொன்றாகச் சட்டைப் பைக்குள் விழும் சத்தம் கேட்டது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடி, அதற்குப் பின்னால் காடு. எதுவும் தெரியவில்லை. அந்த வருஷங்களில் அந்த நேரத்துக்கு நாங்கள் வீட்டுக்கு வெளியே நின்றதில்லை. யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். சார்ஜனுடைய கனத்த சிரிப்பும் கலந்து கேட்டது. சார்ஜன் எவ்வளவு சொல்லியும் ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை.

"வெளிச்சம் இல்லாம எப்பிடிடா பூட்டுவே?" என்றது டீ மேக்கரின் குரல்.

இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"பூட்டறதா? இன்னும் கழுவவே இல்லையேய்யா."